எழுபது வளைவும் ஒரு ஒளுவும்

காரவள்ளி அடிவாரத்தில் பஸ்ஸில் உட்கார்ந்தபோது ஒளு, அதாவது தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவிய சுத்தம், இருந்தது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து செம்மேட்டில் இறங்கும்போது அது இருக்கிறதா, போய்விட்டதா? மிளகு எடுக்கத் தாய்மாமனோடு கொல்லிமலைக்கு வந்த ஒரு பையனின் கேள்வி இது. கேட்டவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டீக்கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போய்விட்டான். டீயில் ஆடை கட்டியது. திரும்பி வந்து உட்கார்ந்தான், குதிகாலைத் திருப்பிப் பார்த்தான், மறுபடி எழுந்தான். செருப்பைக் கழற்றியபோதுதான் கவனித்தேன். கால்விரல் இடுக்குகள் ஊறி வெளுத்து, வெடித்திருந்தன. நாற்று நடுகிறவர்களுக்கு வருமே, அந்தச் சேற்றுப்புண். இவன் வயலில் இறங்குகிறவன் இல்லை.

"உட்காரு தம்பி. அசர் தொழுகைக்கு இன்னும் நேரம் கிடக்கு. பஸ்ல என்ன நடந்துச்சு, அதச் சொல்லு."

"தூங்கிட்டேன் அண்ணா. பாதி மலையில முழிச்சேன். குமட்டிக்கிட்டு வந்துச்சு, வாய்க்குள்ள புளிப்பா கொஞ்சம் தண்ணி. அப்புறம் காத்துப் பிரிஞ்ச மாதிரியும் இருந்துச்சு, பிரியாத மாதிரியும் இருந்துச்சு."

மூன்றுக்கும் பதில் உண்டு. நாமக்கல், சேலம் பக்கத்துப் பள்ளிவாசல்களில் பெரும்பாலும் ஹனபி மத்ஹபு, அதாவது ஹனபி சட்டப் பள்ளி. அதன்படி இருக்கையில் பதிந்து உட்கார்ந்தபடியே தலை ஆடித் தூங்கினால் ஒளு முறியாது. படுத்தோ ஒருக்களித்தோ தூங்கினால் முறியும். நபித்தோழர்கள் இஷா தொழுகைக்குக் காத்திருந்தபோது தலை தொங்கத் தூங்கி, பிறகு எழுந்து அப்படியே தொழுதிருக்கிறார்கள். வாந்தி வாய் நிறைய வந்தால்தான் கணக்கு, அதாவது சிரமப்படாமல் வாய்க்குள் அடக்க முடியாத அளவு. நாக்கில் பட்ட புளித்த நீர் அதில் சேராது. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து ஷாபிக்காரர்களுக்கோ எவ்வளவு வாந்தி எடுத்தாலும் ஒளு அப்படியே இருக்கும். மூன்றாவது விஷயம், காற்று. அதற்கு இரண்டு மத்ஹபிலும் ஒரே பதில்: பிரிந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் பிரியவில்லை.

"இதெல்லாம் தெரியும் அண்ணா. மதரசாவுல ஓதியிருக்கேன். ஆனா..."

அந்த 'ஆனா'தான் விஷயம். சட்டம் தெரியாதவனுக்குச் சட்டத்தைச் சொன்னால் போதும், எழுந்து போய்த் தொழுதுவிடுவான். சட்டம் தெரிந்தும் குழாயை விட்டு வரமுடியாதவனை என்ன செய்வது? முஸ்லிம் வீடுகளில் இதை வஸ்வாஸ் என்பார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகச் சட்ட அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட சங்கதி இது. அவர்கள் சொல்லிவைத்ததில் பாதியைக்கூட நம் மேடைகளில் சொல்வதில்லை என்பது என் குறை.

முதலில் அடித்தளம். தொழுகையில் நிற்கும்போது ஏதோ பிரிந்தது போலத் தோன்றுகிறது என்று ஒரு மனிதர் நபியிடம் முறையிட்டார். சத்தம் கேட்டாலொழிய, வாடை தெரிந்தாலொழிய தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்பது அவருக்குக் கிடைத்த பதிலின் சாரம். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற செய்தி இது. காதும் மூக்கும் இல்லாதவன் என்ன செய்வான் என்று குதர்க்கம் பேசக்கூடாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே அளவுகோல். இதிலிருந்துதான் இஸ்லாமியச் சட்டத்தின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று கிளைத்தது: உறுதியாக இருந்த ஒன்றைச் சந்தேகம் அழிக்காது. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சிவில் சட்டத்தில் இதற்கு நான்காவது பிரிவாக இடம் கிடைத்தது. கடன் வழக்கும் சொத்து வழக்கும் தீர்க்க உதவிய விதி, ஒரு பையனின் ஒளுவுக்கு உதவாமல் போகுமா?

விதி இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒளு செய்தது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம் என்றால் ஒளு இருக்கிறது. முறிந்தது உறுதி, திரும்பச் செய்தேனா என்பது சந்தேகம் என்றால் ஒளு இல்லை, செய்துகொள்ள வேண்டும். கடைசியாக எது நிச்சயமாகத் தெரியுமோ அதில் நில். அவ்வளவுதான்.

இன்னொரு நுணுக்கம் ஹனபி நூல்களில் உண்டு. ஒளு செய்துகொண்டிருக்கும்போது 'முழங்கையைக் கழுவினேனா?' என்று ஒருவனுக்கு என்றைக்கோ ஒருநாள் தோன்றினால், அந்த உறுப்பைக் கழுவிக்கொள்ள வேண்டும். தினமும் தோன்றுகிறவன் கழுவக்கூடாது, கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். செய்து முடித்த பிறகு வருகிற சந்தேகத்துக்கோ யாருக்குமே மதிப்பில்லை. கேள்வி ஒன்றேதான், அபூர்வமாகக் கேட்கிறவனுக்கு ஒரு தீர்ப்பு, ஓயாமல் கேட்கிறவனுக்கு வேறு தீர்ப்பு. மாலிக்கி மத்ஹபு இந்த விஷயத்தில் கொஞ்சம் கறார். முறிந்ததா என்ற சந்தேகமே ஒளுவைப் பாதிக்கும் என்பார்கள். அவர்களும்கூட, சந்தேகம் நாள்தோறும் வந்து ஒட்டிக்கொள்கிற ஆளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, உதறிவிட்டுப் போ என்கிறார்கள். வஸ்வாஸ்காரனுக்கென்று தனிச் சட்டம் என்பதில் எல்லாரும் ஒன்று.

டீ வந்தது, இரண்டாவது கிளாஸ். கடை நாய் ஒன்று பையனின் காலை உரசிக்கொண்டு போனது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"எச்சில் பட்டுச்சா?"

"தெரியல."

"தெரியலன்னா படல."

ஹனபிப்படி நாயின் எச்சில்தான் நஜீஸ், அதாவது அசுத்தம். உடம்பு உரசியதால் ஒன்றும் ஆகாது. ஷாபிக்காரராக இருந்தால், அதுவும் ஈரம் இருந்தால், ஏழுமுறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண்ணோடு. இங்கே காலும் காய்ந்திருந்தது, நாயும் காய்ந்திருந்தது. காய்ந்ததும் காய்ந்ததும் உரசினால் அசுத்தம் தாவாது என்பது எல்லாருக்கும் பொது.

மலைக்கு வருகிறவனுக்குச் சந்தேகப்பட விஷயமா இல்லை? மிளகு பேச ஒரு வீட்டுக்குப் போனால் வாசல் சாணம் மெழுகியிருக்கும். ஹனபியில் சாணம் நஜீஸ்தான், மறுப்பதற்கில்லை. காய்ந்த தரையில் காய்ந்த வேட்டியோடு உட்கார்ந்தால் எதுவும் ஒட்டாது. ஈரக்காலோடு நடந்தாலும், சாணத்தின் நிறமோ வாடையோ காலில் தெரிந்தால்தான் கழுவ வேண்டும். தொழ வேண்டுமா, ஒரு விரிப்பைப் போட்டுக்கொள். மாலிக்கி, ஹன்பலி மத்ஹபுகளிலோ மாட்டுச் சாணம் அசுத்தமே இல்லை. அந்த வீட்டில் செம்பில் தண்ணீர் கொடுத்தால் அதில் ஒளு செய்யலாமா? கலீபா உமர் ஒரு கிறித்தவப் பெண்ணின் வீட்டுத் தண்ணீரில் ஒளு செய்திருக்கிறார். மழைக்காலத்தில் பஸ் போகிற வேகத்தில் சேறு வேட்டியில் தெறித்தால்? தெருச்சேற்றுக்கு மன்னிப்பு உண்டு, அதற்கென்றே தனித் தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது களத்துமேட்டுச் சட்டம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைகிற மலை இது, அதனால் இந்த உதாரணம் இங்கே நன்றாகப் பொருந்தும். போரடிக்கும்போது மாடு தானியத்தின் மேலேயே மூத்திரம் பெய்துவிடுகிறது. எந்தப் பிடி தானியத்தில் பட்டது என்று யாருக்கும் தெரியாது. அம்பாரம் முழுவதையும் கழுவுவதா, கொட்டிவிடுவதா? ஹனபி அறிஞர்கள் சொன்ன வழி: தானியத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு பகுதியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இப்போது பட்டது இந்தப் பங்கிலா அந்தப் பங்கிலா என்பது சந்தேகம் ஆகிவிட்டது. சந்தேகம் எந்தப் பங்கையும் அசுத்தமாக்காது. எல்லாரும் சாப்பிடலாம்! ஏமாற்று வேலை போலத் தெரியும். யோசித்துப் பார்த்தால், குடியானவன் மாடு கட்டிப் பிழைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் இது.

தண்ணீரைப் பற்றி ஒரு பழைய சம்பவம். உமர் ஒரு பயணக்கூட்டத்தோடு போகும்போது வழியில் ஒரு நீர்த்தொட்டி. கூட வந்த அம்ரு பின் ஆஸ், இங்கே காட்டு மிருகங்கள் வந்து குடிக்குமா என்று தொட்டிக்காரரை விசாரித்தார். உமர் குறுக்கிட்டு, அதை எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று தொட்டிக்காரரைத் தடுத்துவிட்டார். மிருகம் குடித்த பிறகு நாம் குடிக்கிறோம், நாம் குடித்த பிறகு அது குடிக்கிறது என்பது அவர் கணக்கு. இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிற செய்தி. துருவிக் கேட்பதை ஒரு கலீபா பேணுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பக்கத்துப் பள்ளிவாசல்களில் ஹவுளை, அதாவது ஒளு செய்யும் நீர்த்தொட்டியை, அவ்வளவு பெரிதாகக் கட்டிவைத்ததற்கும் காரணம் உண்டு. பத்து முழத்துக்குப் பத்து முழம் இருக்கிற நீர்நிலை ஹனபியில் ஓடும் நீருக்குச் சமம். நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை அதில் எது விழுந்ததோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

"சரி அண்ணா. சொட்டு?"

இதை அவன் மெதுவான குரலில், மாமா காதில் விழாமல் கேட்டான். வஸ்வாஸ் பிடித்த ஆண்களில் பெரும்பாலோர் வந்து நிற்கிற இடம் இதுதான். சிறுநீர் கழித்த பிறகு ஒரு சொட்டு மிச்சமிருந்து வேட்டியில் பட்டிருக்குமோ? சிறுநீர் விஷயத்தில் கவனமில்லாத ஒருவர் கப்ரில், மண்ணறையில், வேதனைப்படுகிறார் என்று நபிமொழியில் வருவது உண்மை. ஒரு மணி நேரம் பேசுகிற சில பேச்சாளர்கள் அதை மட்டும் சொல்லிப் பயமுறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். கேட்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் கொஞ்சம் கவனமாக இருப்பார்கள். பத்தாமவன் கழிவறையில் அரைமணி நேரம் இருப்பான். அவனுக்கும் சேர்த்துத்தான் ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது, அது மேடைக்கு வருவதில்லை: கழுவிய பிறகு கொஞ்சம் தண்ணீரை எடுத்து ஆடையின் அந்தப் பகுதியில் தெளித்துவிடு. அப்புறம் ஈரம் தட்டினால் அது நீ தெளித்த தண்ணீர் என்று வைத்துக்கொள். ஹதீஸிலேயே உள்ள வழி. சந்தேகத்துக்குப் பதில் தேடாமல், தேடவே முடியாதபடி செய்துவிடுகிற தந்திரம்.

மிச்சச் சொட்டு வடிய இருமுவது, நாலடி நடப்பது என்று ஹனபி நூல்களில் இருக்கிறதே என்பான் மதரசாவில் ஓதியவன். இருக்கிறது. அது ஒரு நிமிஷத்தில் மனசை அடக்கி அனுப்புவதற்காகச் சொன்னது. அதுவே முடியாத வேலையாகிவிட்டால் இந்த ஆளுக்கு அது மருந்தாகாது. நிஜமாகவே சொட்டு நிற்காத நோயாளிகள் இருக்கிறார்கள், சர்க்கரையாலோ வயதாலோ. ஒரு தொழுகை நேரம் முழுக்க, ஒளு செய்து தொழும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காதவருக்குத் தனிச் சலுகை: ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒரு ஒளு போதும், நடுவில் சொட்டினாலும் அந்த நேரம் முடியும்வரை அது முறியாது. நிஜமான சொட்டுக்கே இத்தனை இரக்கம் காட்டுகிற சட்டம், கற்பனைச் சொட்டுக்காகக் கெடுபிடி செய்யுமா?

தண்ணீர்க் கணக்கையும் சொன்னேன். நபி ஒளு செய்தது ஒரு முத்து அளவு தண்ணீரில்; இரண்டு கையும் சேர்த்து அள்ளுகிற அளவு, ஒரு லிட்டருக்கு உள்ளே. குளித்தது நான்கிலிருந்து ஐந்து முத்து அளவில். ஒவ்வொரு உறுப்பையும் மூன்று முறை கழுவினால் முழுமை. அதற்கு மேல் போகிறவன் வரம்பு மீறுகிறான் என்று கண்டித்திருக்கிறார். நான்காவது முறை கழுவுவது கூடுதல் பக்தி என்று நினைக்கிறவன் அந்தக் கண்டிப்புக்குள்தான் வருகிறான். பையன் குழாயடியில் விட்ட தண்ணீரில் பத்துப் பேர் ஒளு செய்திருக்கலாம்.

பாக்தாதில் இப்னு அகீல் என்று ஒரு ஹன்பலி அறிஞர், 1119-இல் இறந்தவர். ஒருவர் அவரிடம் வந்து, பலமுறை தண்ணீரில் முங்குகிறேன், ஆனாலும் குளிப்புச் சேர்ந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது என்றாராம். இப்னு அகீல், போங்கள், உங்களுக்குத் தொழுகையே கடமையில்லை என்றார். ஏன் என்று திகைத்தவருக்கு விளக்கமும் கொடுத்தார்: புத்தி பேதலித்தவருக்குத் தொழுகை கடமையில்லை, தண்ணீரில் முங்கி எழுந்துவிட்டு நனைந்தேனா என்று கேட்கிறவர் வேறு யார்? இப்னுல் ஜவ்ஸி எழுதிவைத்த கதை. இங்கே அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கினால் ஆகாய கங்கை. சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. அதன் கீழே நின்றுவிட்டு வந்து, காது மடலுக்குப் பின்னால் நனைந்ததா என்று கேட்டால் எப்படி இருக்கும்? பையன் சிரித்தான். சிரித்துவிட்டு, "எனக்கு நெஜமாவே அப்படித் தோணும் அண்ணா" என்றான்.

இப்னு அகீல் குத்தலாகச் சொன்னதில் ஒரு மருத்துவ உண்மையும் இருக்கிறது. அவருக்கு முன்பே, 934-இல் காலமான அபூ ஸைத் அல்-பல்கி, உடல் நலம் மன நலம் இரண்டையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் விடாமல் திரும்பத் திரும்ப வந்து தொந்தரவு செய்யும் எண்ணங்களைத் தனி நோயாகவே பிரித்து விவரித்திருக்கிறார். அந்த விவரிப்பு இன்றைய மருத்துவ வரையறைக்கு எவ்வளவு நெருக்கம் என்று 2015-இல் ரானியா அவாத், சாரா அலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். இன்றைய மருத்துவர்கள் இதை ஓசிடி என்கிறார்கள். நூறு பேரில் ஓரிருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருவது. நோய்க்கு மதம் கிடையாது, வேஷத்தை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். மடி ஆசாரம் பார்க்கிற வீட்டில் மடியாக வரும். கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனத்தில் எதையோ விட்டுவிட்டோம் என்று வரும். மதமே இல்லாதவர் வாசல் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். ஆகவே இது ஈமான், அதாவது இறைநம்பிக்கை, பலவீனம் என்று திட்டுவதில் அர்த்தமே இல்லை. ஈமானைப் பற்றி அக்கறையே இல்லாதவனுக்கு ஒளுவில் ஏன் சந்தேகம் வரப்போகிறது?

இதற்கான சிகிச்சைக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் விக்டர் மேயர், 1966-இல், லண்டனில். கழுவிக்கொண்டே இருந்த நோயாளியை அவர் பயப்படுகிற பொருளைத் தொடவைத்து, கழுவ விடாமல் பார்த்துக்கொண்டார். பதற்றம் ஏறியது, உச்சிக்குப் போனது, கழுவாமலேயே இறங்கியது. கழுவினால்தான் நிம்மதி வரும் என்ற கணக்கு அங்கே பொய்த்தது. கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டே இரு என்று ஹனபி நூல் சொன்னதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. மருந்தும் உண்டு. ஆனால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், பத்து நாளில் நிறுத்திவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது.

மாமா அதுவரை விலை பேசிக்கொண்டிருந்தவர், இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன் பாய்."

போங்கள், துவா கேளுங்கள், தப்பில்லை. ஆனால் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகிப்போனார்கள். சிகிச்சை கிடைக்க வேண்டியவர்களைக் கட்டிப்போட்டு வைத்ததன் விலை அது. அதே ஏர்வாடி தர்காவில் இப்போது தவா-துவா என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே கிடைக்க அரசு ஏற்பாடு இருக்கிறது. அவ்வளவு தூரமும் போக வேண்டாம். மலையிலிருந்து இறங்கினால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரைப் பார்க்கலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

"பழைய தொழுகையெல்லாம் களா செய்யணுமா அண்ணா, திரும்பத் தொழணுமா? சந்தேகத்தோடயே தொழுததுதான் நெறைய."

வேண்டாம். முடிந்த தொழுகை முடிந்ததுதான். முடிந்தபின் வரும் சந்தேகத்துக்கு மதிப்பில்லை என்பது அதற்கும் பொருந்தும். ஊருக்குப் போனதும் நம்பிக்கையான ஒரு ஹஜ்ரத்தை, மார்க்க அறிஞரை, தேர்ந்தெடுத்து, முழுக் கதையையும் ஒரே ஒரு முறை சொல்லி, அவர் சொல்வதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அதே கேள்விக்கு இரண்டாவது ஹஜ்ரத்திடம் போகக்கூடாது, யூடியூபில் தேடக்கூடாது. தேடினால் அதுவும் குழாயடிதான்.

மாமாவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். பையன் அவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்பானாம், "மாமா, என் ஒளு இருக்கா?" என்று. அவரும் பாவம், இருக்குடா இருக்குடா என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கேள்விக்குத் தீனி போட்டிருக்கிறார். இனி இருக்கு என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். 'தாள்ல எழுதியிருக்கு' என்று மட்டும் சொல்லிவிட்டு மிளகு மூட்டையைக் கவனியுங்கள் என்றேன். முதல் வாரம் பையன் கோபப்படுவான், அழுதாலும் அழுவான். அப்போதும் அதே பதில்தான்.